பாறையைப் பார்த்த ஜன்னல்

லிந்துலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நான் கிளாக்கராக இருந்தேன். எழுத்து வேலையைவிடப் படம் வரைவதில்தான் எனக்குக் கை ஓடும். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் கூரை மாற்றுவதானாலும், ஓடைக்குக் குறுக்கே பாலம் போடுவதானாலும் பெரிய தொரை என்னிடம்தான் படம் கேட்பார். பழம்பொருள் வைக்கும் நூதனசாலைக்குப் படம் போடும் வேலை என் தலையில் விழுந்ததும் அதனால்தான்.

புதிதாகத் தேயிலைக் கன்று நட்ட மலையில், பெரிய பாறையொன்றின் அடியில் புல் சுரண்டிக்கொண்டிருந்த அக்காவுக்குத்தான் அந்தக் கற்கள் முதலில் கிடைத்தன. சொந்த அக்கா இல்லை. நான் பிறந்த லயத்தில் மூன்று காம்பரா தள்ளிக் குடியிருந்தவர். ஆபீஸ் வேலைக்குப் போன பிறகும் நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர்தான் என்னைக் கிளாக்கரய்யா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார். மடியில் முடிந்து கொண்டுவந்ததை என் மேசைமேல் கொட்டினார். பளிங்கு மாதிரித் தெளிந்த ஏழெட்டுக் கற்கள். நகத்தளவுதான் இருக்கும். ஓரமெல்லாம் கூர்.

“தானா ஒடஞ்ச கல்லு இல்லீங்க. யாரோ ஒடச்சிருக்காங்க. எல்லாம் ஒரே மாதிரி இருக்கு பாருங்க. கீழ எலும்பும் கரியுமா கெடக்கு” என்றார்.

தொரை கொழும்புக்கு எழுதினார். தொல்பொருள் காரியாலயத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். சிங்களவர், மெதுவாகப் பேசுகிறவர். அக்காவையும் இன்னும் சிலரையும் வைத்துக்கொண்டு இரண்டு மாதம் தோண்டினார். பல்லாயிரம் வருஷங்களுக்கு முன்னால் இந்தப் பாறைக்கடியில் ஆட்கள் வாழ்ந்திருக்கிறார்கள், நெருப்பு மூட்டியிருக்கிறார்கள், வேட்டையாடித் தின்றிருக்கிறார்கள் என்றார். “இதையெல்லாம் கொழும்புக்குக் கொண்டுபோய் என்ன பிரயோசனம்? இங்கேயே சின்னதாக ஒரு நூதனசாலை வேண்டும். படத்தை நீங்கள் வரையுங்கள்” என்று என்னிடம் சொன்னார்.

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து வரைந்தேன். ஒரே அறை, கருங்கல் சுவர். பாறையைப் பார்த்த பக்கம் அகலமான ஜன்னல். ஜன்னலுக்குக் கீழே கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் கல்லைப் பார்த்துவிட்டுத் தலையை நிமிர்த்தினால் அது கிடந்த இடம் தெரிய வேண்டும். அவ்வளவுதான் என் யோசனை. அதிகாரி படத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

தொரை ஒரு தடவைதான் பார்த்தார். “பாதை தேயிலைக்குள் போகிறதே! கன்றைப் பிடுங்கவா நட்டோம்? தொழிற்சாலைக்குப் பக்கத்தில் போடு. விருந்தாளிகள் தேநீர் குடித்துவிட்டு வந்து பார்ப்பார்கள்.”

சரி என்றேன். அந்த இரண்டாவது படத்தில் ஜன்னலைத் திறந்தால் கொழுந்து வாட்டும் மாடிதான் தெரியும். இயந்திரம் ஓடும் அதிர்வில் பெட்டிகள் நடுங்கும் என்று கொழும்பிலிருந்து அதைத் திருப்பி அனுப்பினார்கள். ரோட்டோரம் பூட்டிக் கிடந்த பழைய மருந்துச்சாலைக்கு மூன்றாவது படம் போட்டேன். அதற்குள் தொரை சீமைக்குப் போய்விட்டார். வந்த புதுத் தொரைக்கு அந்தக் கட்டடம் உரமூட்டை அடுக்க வேண்டியிருந்தது. ஆபீசின் பின்புறத்து ஒற்றை அறைக்கு நான்காவது படம். அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது.

கட்டடத்துக்கே இந்தப் பாடு. பெட்டிக்குள் வைக்கும் குறிப்புகளைச் சிங்களம், தமிழ், இங்கிலீஷ் மூன்றிலும் அழகாக எழுதி அனுப்பியிருந்தேன். சிங்களம் மட்டும் என்ற சட்டம் வந்திருந்த சமயம் அது. தமிழ் வரிகள் எல்லாம் சிவப்பு மையால் அடிபட்டுத் திரும்பி வந்தன. கல்லை முதலில் கண்டவர் கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர் என்று எழுதிய வரியும் போயிருந்தது.

“இந்த மலையில் இருப்பவர்கள் படிக்க வேண்டாமா, சார்?” என்று அதிகாரியிடம் கேட்டேன்.

“என் கையில் இல்லை” என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் கெட்டவர் இல்லை. நூதனசாலையைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு என்னையே சிபாரிசு செய்தார். வந்த விண்ணப்பப் பாரத்தில் பிரஜாவுரிமைப் பதிவு இலக்கம் கேட்டிருந்தது. என் அப்பா இந்த மண்ணில் பிறந்ததற்குப் பத்திரம் இல்லையென்று என் மனு ஏற்கெனவே தள்ளுபடியாகியிருந்தது. அக்காவிடம் சொன்னேன்.

“பாறைக்கடியில இருந்த ஆளுங்களுக்கு மட்டும் பதிவு இருந்துச்சாங்க?” என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த மழைக்காலத்துக்கு முன் அதிகாரிக்கு மாற்றம் வந்தது. நூதனசாலை வேண்டாம், பொருள்களை அனுப்பிவிடுங்கள் என்று ஒரு கடிதம். கற்களையும் எலும்புகளையும் பஞ்சில் சுற்றித் தேயிலைப் பெட்டிகளில் அடுக்கியவன் நான்தான். பாறை அடிவரைக்கும் கன்று நட்டுவிட்டார்கள்.

சில வருஷங்கள் கழித்துப் பிரஜாவுரிமை அப்பீலுக்காக நான் கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது. அக்காவும் அவர் வீட்டுக்காரரும் கூடவே கிளம்பினார்கள். “நம்ம கல்ல எங்க வச்சிருக்காங்கன்னு ஒருக்காப் பாத்துட்டு வந்துரணுங்க” என்றார் அக்கா. தலவாக்கலையில் ரயிலேறினோம்.

தொல்பொருள் காரியாலயத்தின் காட்சி அறையில், ஒரு மூலையில் சின்னக் கற்கள் வைத்த பெட்டி இருந்தது. சிங்களத்தில் ஒரு வரி: மத்திய மலைநாடு. அக்கா குனிந்து பார்த்தார்.

“இது நம்மளோடது இல்லீங்க. இது மஞ்சளா இருக்கு. நம்மது தண்ணி மாதிரி தெளிவா இருக்கும்.”

நான் தயங்கி நிற்க, அவரே காவலாளியிடம் சிங்களத்தில் விசாரித்தார். அந்த மனிதர் உள்ளே போய் ஒரு புத்தகத்தைப் புரட்டிவிட்டு வந்தார். எங்கள் பெட்டிகள் பின்னால் களஞ்சியத்தில் இருக்கின்றன. இன்னும் ஆணி பிடுங்கவில்லை. பார்ப்பதற்கு அதிகாரியின் கடிதம் வேண்டும் என்றார். எந்த அதிகாரி என்று கேட்டேன். அது அவருக்கும் தெரியவில்லை.

திரும்பி வர ரயிலேறினோம். நாவலப்பிட்டி தாண்டி வண்டி மூச்சிரைத்து ஏறிக்கொண்டிருந்தது. அக்கா திடீரென்று கேட்டார்.

“நீங்க படம் போட்டீங்களே, அதுல நான் கல்லெடுத்த எடம் தெரியுங்களா?”

“மொதப் படத்துல தெரியும் அக்கா.”

“அப்ப ஏங்க மத்தப் படமெல்லாம் போட்டீங்க?”

“மாத்தச் சொன்னாங்க.”

 அக்கா வீட்டுக்காரருக்கு வெற்றிலை மடித்துக் கொடுக்கத் தொடங்கிவிட்டார். தொரைமேலும் கொழும்புமேலும் அத்தனை வருஷமாக எனக்கிருந்த கோபம் என் பக்கம் திரும்பியது. அவர்கள் கேட்டதெல்லாம் அவர்களுக்கு வேண்டியது. மூன்று தடவையும் சரி சரி என்று பென்சிலைச் சீவியவன் நான்.

அந்த வாரமே முதல் படத்தைப் பிரதி எடுத்தேன். மூன்று மொழியிலும் குறிப்பு எழுதி, கல்லைக் கண்ட அக்காவின் பெயரையும் போட்டுக் கொழும்புக்கு அனுப்பினேன். பதில் இல்லை. ஆறு மாதம் பார்த்துவிட்டு இன்னொரு பிரதி எடுக்க உட்கார்ந்தேன்.