கரை இருந்த இடம்

மழையில் எங்கள் பனியன் கம்பெனி வாசலின் செம்மண் மணந்தால், முன்பு அங்கே கிடந்த மண்கரை நினைவுக்கு வந்துவிடும். எந்தக் காலத்தில் யார் போட்டதோ, கிளுவை முட்செடி மூடி, ஆட்டுக் குளம்பில் தேய்ந்து, எங்கள் தோட்டத்துக்கும் காலனிக்கும் நடுவே நீளமாகக் கிடந்த அதைத் தாண்டாமல் காலனிப் பெண்கள் குடத்தை வைக்க, அம்மா எட்ட நின்று உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்றுவாள், அந்தச் சத்தத்தைக் கேட்கவே நான் ஓடி வருவேன்.

கரையை நிரவித்தான் கம்பெனி கட்டினோம். இன்று காலனி ரங்கக்கா, எங்களிடம் டெய்லராக இருக்கும் மகனுக்குச் சோறு கொண்டுவந்தவர், கரை இருந்த இடம் வந்ததும் மழையிலேயே நின்றுவிட்டார்.

"உள்ள வாங்கக்கா."

"இருக்கட்டுங்க சாமி, இங்கயே நிக்கறனுங்க."

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவர் கையிலிருந்த தூக்குப்போசியின் மேல் மழை கொட்டியது, அம்மா ஊற்றிய அதே சத்தத்தோடு.