ரெட் கெட்டில் வந்த ஞாயிற்றுக்கிழமை

எங்கள் மாமாவுக்குப் போர் வந்தால் அது தொலைக்காட்சி வழியாகத்தான் வரும் என்பது ஒன்பது வயதிலேயே எனக்குத் தெரியும். மாமா அம்மாவின் தம்பி. அம்மா கல்யாணமாகி எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூரில் ஸ்கூடாய்க்கு வந்துவிட, அவர் பிறந்த சிங்கப்பூரிலேயே துறைமுகத்தில் வேலை பார்த்தார். அங்கே ஆண்பிள்ளைகள் எல்லோரும் பட்டாளப் பயிற்சி எடுத்தாக வேண்டும். முடித்து வேலைக்குப் போன பிறகும் விடமாட்டார்கள். ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் ஒரு சங்கேதப் பெயர் உண்டு. அது திடீரென்று டிவியில் வந்தால் போட்டது போட்டபடி முகாமுக்கு ஓட வேண்டும். சும்மா பயிற்சிக்கும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், நிஜமான சண்டைக்கும் அப்படித்தான். எது என்பது போன பிறகுதான் தெரியும்.

மாமாவின் பிரிவுக்கு ‘ரெட் கெட்டில்’ என்று பெயர். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சொல்லிவிட்டு என்னிடம் சொன்னார். சாக்லெட்டோடு சேர்த்து ராணுவ ரகசியமும் வாங்கிக்கொண்டவள் ஜொகூரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அந்தப் பெருமையில் ஒரு வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

அது வளைகுடாவில் போர் நடந்த வருடம். நாடு நாடாகச் சிப்பாய்கள் விமானம் ஏறுவதையும் வழியனுப்ப வந்தவர்கள் கட்டிப்பிடித்து அழுவதையும் தினமும் செய்தியில் காட்டினார்கள். அப்பா பார்த்துவிட்டு நேராகக் கடைக்குப் போய் இரண்டு மூட்டை அரிசியும் ஒரு பெட்டி சார்டின் மீன் டின்னும் வாங்கி வந்தார். சண்டை எந்த மூலையில் நடந்தாலும் முதலில் தட்டுப்பாடு சார்டினுக்குத்தான் என்பது அவர் கட்சி. அந்தச் சார்டினைத் தீர்ப்பதற்குள் எங்களுக்கு நாக்கு செத்துவிட்டது.

இந்த அமளியில்தான் மாமாவுக்குப் பரிசம் போட நாள் குறித்தார்கள். முன்பே இரண்டு வரன் கைக்கு வந்து நழுவியிருந்தது. மூன்றாவது பெண், அடுத்த வரிசை வீட்டிலிருந்த என் பாலர் பள்ளி டீச்சர். எனக்குப் பென்சில் பிடிக்கக் கற்றுக்கொடுத்த டீச்சர் அத்தையாக வரப்போகிறார் என்றால் சும்மாவா? பாட்டு வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பிள்ளைகளிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

டீச்சரின் அப்பாவுக்கு மட்டும் அரை மனதுதான். ஜப்பான்காரன் காலத்தில் அவருடைய மூத்த அண்ணனை ரப்பர் தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றி சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பினார்கள். போனவர் போனவர்தான். அதனால், கூப்பிட்டால் போயாக வேண்டிய மாப்பிள்ளை அவருக்கு வேண்டாம்.

பரிசத்தன்று நாலரைக்கு ராகு காலம். அதற்குள் தட்டு மாற்ற வேண்டும். ஆனால் மூவாரிலிருந்து வர வேண்டிய டீச்சரின் இன்னொரு பெரியப்பா குடும்பத்துக்கு வழியில் கார் நின்றுவிட்டது. காத்திருந்த நேரத்தில் டீச்சர் வீட்டுக் கூடத்தில் சிங்கப்பூர் சேனல் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் ஏரியலைத் தெற்கே திருப்பினால் அது பளிச்சென்று தெரியும். நான் டிவிக்கு முன்னால், பட்டுப்பாவாடை கசங்காமல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

டீச்சரின் அப்பா விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.

“ஏன் தம்பி, நாளைக்கு இங்கயும் சண்டைன்னா உங்களையும் கூப்பிட்டுருவாங்கதானே?”

“அதெல்லாம் இல்ல லா மாமா. நம்ம மேல யாரு சண்டைக்கு வரப்போறா?”

மாமா சொல்லி வாய் மூடவில்லை. படம் நின்றது. திரையில் வரிசையாக எழுத்துகள் வந்தன. எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே போனேன். நான்காவது வரியில் ரெட் கெட்டில்.

மாமா இப்போது எழுந்தால் தட்டு அப்படியே நிற்கும், டீச்சரின் அப்பா இனி வாசற்படி மிதிக்க விடமாட்டார். மாமாவும் செய்தியில் பார்த்த சிப்பாய்களைப் போல விமானம் ஏறிவிடுவார். ஒன்பது வயது மூளைக்கு ஒரே வழிதான் தோன்றியது. அழைப்பைப் பார்க்காதவன் போருக்குப் போக வேண்டியதில்லை. எக்கிப் போய்ப் பொத்தானை அழுத்தினேன். மலாய்ச் சேனலில் யாரோ மீன் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள்.

“அலாமாக், படம் பார்த்துக்கிட்டிருந்தேனே!” என்று கத்திய, விருந்துக்கு வந்திருந்த ஒரு மாமிக்கு, எனக்கு மீன் சமையல் பிடிக்கும் என்று பதில் சொன்னேன். சார்டின் தின்றதிலிருந்து மீன் வாடை பட்டாலே ஓடுகிற என்னை அம்மா ஒரு மாதிரி பார்த்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேகம். இனியும் பெரியப்பாவுக்காகக் காத்திருக்க வேண்டாம், நேரம் போகிறது என்று மாமாவே சொன்னார். மாப்பிள்ளைக்கு அவசரத்தைப் பார் என்று பெண்கள் சிரித்தார்கள். நாலரைக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தட்டு மாறியது. டீச்சரும் மாமாவும் மோதிரம் மாற்றிக்கொண்டார்கள். மாமா சாப்பிடக்கூட உட்காராமல், துறைமுகத்தில் அவசர வேலை என்று மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் அவரையும் கல்யாணத்தையும் ஒரே அழுத்தில் காப்பாற்றிவிட்ட மிதப்பில் மூன்று லட்டு தின்றேன்.

அந்த அழைப்பு வெறும் பயிற்சிக்குத்தான். தாமதமாகப் போனதற்கு மாமாவைச் சில நாள் முகாமிலேயே அடைத்து வைத்தார்கள் என்பதை அம்மா வெகுநாள் கழித்துச் சொன்னாள். அன்றிலிருந்து அது என் நெஞ்சை அறுத்துக்கொண்டே இருந்தது.

போன மாதம் மாமா வீட்டுக்குப் போனபோதுதான் கேட்க வாய் வந்தது. அத்தை அடுப்படியில் இருந்தார்.

“மாமா, அன்னைக்கு நான்தான் சேனலை மாத்தினேன்.”

“தெரியும்மா. உன் தலைக்கு மேலதானே நான் படிச்சேன்.”

“அப்புறம் ஏன் எழுந்திருக்கல?”

அவர் அடுப்படிப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“நிஜச் சண்டைன்னுதான் நெனச்சேன். மோதிரம் போடாமப் போனா, எனக்கு ஏதாச்சும் ஆயிட்டா, அவ எனக்கு யாருன்னே யாருக்கும் தெரியாமப் போயிருமே.”

நான் போரை நிறுத்திவிட்டதாக நினைத்து லட்டு தின்றுகொண்டிருந்தேன். மாமா போருக்குத்தான் புறப்பட்டுப் போயிருக்கிறார்.