சொல்லாமல் எழும்பிய கொன்டெய்னர்

சிறிதரனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். ரோவில் என்ற ஊரில் எங்கள் தெருவில்தான் இருக்கிறார். யாழ்ப்பாணத்திலிருந்து 1990இல் இந்த நாட்டுக்கு வந்தவர். பெற்றோல் நிலையத்தில் வேலை செய்தபடி படித்து, நான் மருந்துக் குளிசை பொதி செய்யும் கொம்பனிக்கே கொம்பியூட்டர் பார்க்க வந்து சேர்ந்தார். முதியோர் இல்லங்களுக்கு வேளைக்கு வேளை குளிசைகளைப் பிரித்து அனுப்புவது எங்கள் வேலை. அவருடைய கொம்பியூட்டர் அடித்துத் தரும் லேபிளில் உள்ளபடி நாங்கள் பொதி கட்டுவோம்.

ஒரு கொம்பியூட்டருக்குள் தனித்தனி அறை போலப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு வேலையை ஓடவிடுவார். அந்த அறைக்குக் கொன்டெய்னர் என்று பெயர்.

"அது எழும்பேக்க காதில சொல்லோணும் அக்கா, ஆருக்கு என்ன குளிசை எண்டதுக்கு எந்தப் பட்டியலைப் பாக்கோணும் எண்டு. சொல்லாட்டி, பழகிப் பாக்க வைச்சிருக்கிற பழைய பட்டியலை எடுத்திடும்."

2008இல் ஒரு வெள்ளிக்கிழமை, லேபிள் வேலையைப் புதுக் கொன்டெய்னருக்கு மாற்ற வேண்டியிருந்தது. பத்தரைக்கு ராகுகாலம். சொல்ல வேண்டியதைக் கோப்பில் எழுதி வைத்தால் ஒவ்வொரு முறை எழும்பும்போதும் அது தானாக வாசித்துக்கொள்ளும். அதற்கு நேரம் போதவில்லை. திரையில் கையால் அடித்துச் சொல்லி, பத்து இருபத்தைந்துக்கு எழுப்பிவிட்டார்.

"கோப்பைப் பன்னிரண்டுக்குப் பிறகு எழுதுவம் அக்கா."

"ஓம், நல்ல நேரத்தில தொடங்கியாச்சுதானே" என்றேன் நானும்.

பதினொரு மணிபோல் கரண்ட் நின்று வந்தது. கொம்பியூட்டர் தானாக எழும்பியது. லேபிள்கள் வந்தன. பொதி கட்டினோம். பதினொன்றரைக்கு வான் போய்விட்டது.

அடுத்த இல்லத்துக்கான லேபிளில் ஹென்றி என்ற கிழவரின் பெயர் வந்தது. என் கை நின்றுவிட்டது. அவர் போன கிழமை மோசம் போனவர். அன்று இரவு அவருக்காக முருகனிடம் மன்றாடியிருந்தேன்.

"தம்பி, செத்தவருக்கு லேபிள் வருது!"

ஓடி வந்து திரையைப் பார்த்தார்.

"வெறுங்காதோட எழும்பியிருக்கு அக்கா. இது போன மாதப் பட்டியல்."

வானில் போனவை நாற்பத்தொரு பொதிகள். பெயர் சரி, குளிசை பிழை. பன்னிரண்டு மணிக்குக் கொடுத்துவிடுவார்கள். வான் ஓட்டும் சிவமணி போன் எடுக்கவில்லை. இல்லத்துக்கு அடித்தும் ஒருவரும் எடுக்கவில்லை.

பக்கத்து மேசை இரஞ்சிதம் கிட்ட வந்து, "மெதுவாக் கதையுங்கோ. மனேஜர் கேட்டா வேலை போயிடும்" என்றாள்.

"போகட்டும். ஆக்கள் விழுங்கப் போயினம்!" என்று கத்திக்கொண்டே தம்பி மனேஜரின் அறைக்குள் போனார். தன் பிழை என்று முதலில் சொல்லிவிட்டு, மனேஜரிடம் இருந்த இன்னொரு இலக்கத்தை வாங்கி அழுத்தினார். பன்னிரண்டுக்கு மூன்று நிமிடம் இருக்கையில் தாதி எடுத்தாள். மற்ற நாற்பது பொதிகளும் உடைபடவில்லை. ஒரு அம்மா மட்டும் நேரத்துக்கு முன்னமே விழுங்கிவிட்டார். இரத்த அழுத்தக் குளிசை, இரண்டு மடங்கு.

மூன்று மணி வரை பார்த்தால்தான் தெரியும் என்றார் இல்லத்து டொக்டர். தம்பி போனுக்குப் பக்கத்திலேயே நின்றார். இருக்கக் கதிரை கொடுத்தோம், இருக்கவில்லை. தண்ணீர் கொடுத்தேன், கையிலேயே வைத்திருந்தார். நான் கந்தர் சஷ்டி கவசத்தைத் தொடங்கித் தொடங்கி மறந்தேன்.

மூன்று பத்துக்குப் போன் மணி அடித்தது. அந்த அம்மாவுக்குக் கொஞ்சம் தலைச்சுற்று மட்டும், இப்போது தேத்தண்ணீர் கேட்கிறாவாம்.

அதற்குப் பிறகுதான் தம்பி கதிரையில் இருந்தார். மனேஜர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார், வேலையை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை, சொல்லாவிட்டால் எழும்பாதபடி மாற்றிவிட்டு, வேண்டுமென்றே ஒன்றும் சொல்லாமல் கொன்டெய்னரை எழுப்பிப் பார்த்தார். திரையில் சிவப்பு எழுத்து வந்தது. அது எழும்ப மறுத்துவிட்டது.

"இனி இது பேசாமப் படுத்திருக்கும் அக்கா. பழசை எடுத்துத் தராது" என்று சொல்லி, அன்று எழுதாமல் விட்ட கோப்பைத் திறந்து எழுதத் தொடங்கினார்.