பூசையிலிருந்து உருவிய நோட்டு

என் மகளுக்குக் காய்ச்சல் வந்தால் மணி பார்த்து எழுதிவைப்பேன். எத்தனை டிகிரி, எவ்வளவு பால், எப்போது சிரித்தாள் என்பதுகூட இருக்கும். போன வாரம் டாக்டர் அந்த நோட்டைப் புரட்டிவிட்டு, "சிரிச்சதையுமா எழுதுவீக?" என்று கேட்டார். அளவு மீறித்தான் போகிறேனோ என்று வீடு வரும்வரை யோசித்தேன். ஆனால் எழுதிப் பார்க்காமல் எனக்கு எதுவும் பிடிபடுவதில்லை. அப்படியே பழகிவிட்டது. பழகவிட்டவர் அப்பா.

அப்பாவுக்குத் தச்சு வேலை. எனக்குப் பத்து வயதிருக்கும்போது, பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகாத நாற்பது பக்க நோட்டு ஒன்று வைத்திருந்தேன். இடது பக்கத்தில் ஒரு கேள்வி எழுதுவேன். விடை கிடைக்கும்வரை வலது பக்கம் காலி. பெரும்பாலும் காலியாகவே கிடந்தது.

அந்த வருடம் சரஸ்வதி பூசைக்கு அப்பாவின் உளிகளையும் இழைப்புளியையும் பரப்பி, பக்கத்தில் என் புத்தகங்களோடு அந்த நோட்டையும் அடுக்கி, சந்தனமும் குங்குமமும் வைத்தாயிற்று. மறுநாள் காலைவரை எதையும் தொடக்கூடாது. நோட்டைத் தொட்டால் படித்தது மறந்துபோகும், உளியைத் தொட்டால் கையில் காயம் படும் என்பதில் அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. மறுநாள் கொத்தமங்கலத்தில் ஒரு புது வீட்டுக்கு அப்பா வாசல் நிலை நிறுத்தப் போகவேண்டும். அதனால் அம்மா கூடுதல் கண்டிப்பாக இருந்தாள்.

சாயங்காலம் படையலில் இருந்த பொரிக்கு எறும்புகள் வரிசை கட்டி வந்தன. சந்தனம் தொட்ட விரலால் வரிசையின் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். எறும்புகள் கோட்டருகே வந்ததும் வழி தெரியாமல் தடுமாறின. எறும்பு எப்படி வழி தவறாமல் போகிறது என்பது என் நோட்டில் பல மாதமாக நின்ற கேள்வி. மோப்பம் பிடித்துத்தான் போகிறது! விடிவதற்குள் மறந்துவிடுவேனோ என்ற பயத்தில் அடுக்கின் நடுவிலிருந்து நோட்டை உருவினேன். புத்தகங்கள் எல்லாம் உளிகளின் மேல் சரிந்தன.

திரும்பினால் அப்பா நின்றார். எறும்புகளைக் காட்டினேன். குனிந்து சற்று நேரம் பார்த்தவர், சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து நீட்டினார்.

"வெரசா எழுதிட்டு வையி."

நோட்டைத் திரும்பச் செருகுவதற்கும் அம்மா சுண்டலோடு வருவதற்கும் சரியாக இருந்தது. யார் தொட்டது என்று கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"நாந்தேன். சின்ன உளிய எடுத்தேன், சரிஞ்சிருச்சு."

"நாளைக்கு நிலை வைக்கப் போறீக, இன்னைக்கு உளியத் தொடுறீக. சின்னப்புள்ள சும்மா இருக்கு, ஒங்களுக்கு முடியலையாக்கும்."

நிலை நல்லபடியாகத்தான் நின்றது. ஆனாலும் அந்த வருடம் முழுக்க, அப்பா கையில் சிராய் ஏறினால்கூட அம்மா அந்த உளியைத்தான் பேச்சில் இழுப்பாள். வந்து போகும் சொந்தக்காரர்களிடமும் சொல்லிக்காட்டுவாள். ஒவ்வொரு தடவையும் உண்மையைச் சொல்லிவிட நினைத்துப் பயந்து பேசாமல் இருந்துவிடுவேன்.

தை மாதத்தில் ஒருநாள் அப்பா கட்டைவிரல் நகம் கறுத்துப்போய் வந்தார். அம்மா மஞ்சள் பற்றுப் போட்டபடியே உளிப் பேச்சை ஆரம்பித்தாள். அப்பா என்னைப் பார்த்துக்கொண்டே, "ஆமா, ஏந்தப்புத்தேன். எடுத்திருக்கக் கூடாது" என்றார்.

அன்றைக்குத்தான் எனக்கு நிம்மதி வந்தது. எடுத்தது யார் என்பதே அப்பாவுக்கு மறந்துபோய்விட்டது என்று நினைத்துக்கொண்டு விளையாடப் போனேன்.