எடை பார்த்து இறக்கிய வீடியோ

உண்ணாமலைக்கு எதை வாங்கினாலும் கையில் தூக்கிப் பார்த்தாக வேண்டும். தேசூரில் பிறந்து ஆரணியில் வாழ்க்கைப்பட்டவள், பதினெட்டு வருஷமாகத் தறியில் உட்கார்ந்தவள். பட்டு என்றால் எடை நிற்க வேண்டும் என்பது ரத்தத்தில் ஊறிவிட்டது. தேங்காய்க்கும் அதே கணக்கு, வெண்கலப் பானைக்கும் அதே கணக்கு. அந்தப் புத்திதான் அவளை ஒரு வாரம் படாத பாடு படுத்தியது.

முதலாளி ஜினகுமார் புதிதாக, புடவையில் உருவங்களை நெய்து தரும் எலக்ட்ரானிக் ஜக்கார்டு பெட்டி ஒன்றை வாங்கித் தறிமேல் ஏற்றியிருந்தார். அட்டை குத்தி, அட்டை கோர்த்து மாரடிக்கும் வேலையெல்லாம் இல்லை. டிசைனைக் கம்ப்யூட்டரிலிருந்து கொடுத்தால் போதும்.

"திங்கக்கிழமை நீங்க ஓட்டிக் காட்டினா அந்தத் தறி உங்களுதுங்க. இல்லன்னா வெம்பாக்கத்துலேர்ந்து ஒரு ஆள வரச்சொல்லிடுவேன்" என்றவர், பெட்டி விற்றவர்கள் கொடுத்த பாட வீடியோவின் லிங்க்கை அவள் போனுக்கு அனுப்பினார். அந்தத் தறி தனக்கு வேண்டும் என்று உண்ணாமலை அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

லிங்க்கில் அதே பாடம் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவில் இருந்தது. யோசிக்கவே இல்லை, பெரியதைத் தேர்ந்தெடுத்தாள். போனில் இடம் போதவில்லை என்று, மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த பழைய லேப்டாப்பிலேயே இறக்கி ஓட்டினால் குரல் மட்டும் வருகிறது, படம் கரிச்சட்டி மாதிரி இருக்கிறது. "இதை இப்படித் திருப்பி இங்க மாட்டுங்க" என்று ஒருவர் சொல்லிக்கொண்டே போகிறார். எதை, எங்கே என்று யாருக்குத் தெரியும்?

சின்னதையாவது இறக்கலாம் என்று போனால் லிங்க் காலாவதியாகியிருந்தது. முதலாளியிடம் மறுபடி கேட்கலாம்தான். கேட்டால் அன்றைக்கே வெம்பாக்கத்துக்குப் போன் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

"இன்னாடி, ரேடியோ கேட்டுகினு கீற?" என்றான் புருஷன் வீரபாகு.

"பேஜார் பண்ணாத, போ."

சனிக்கிழமை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனாள். கடைக்காரர் தமிழ்வாணன் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்து, "ஃபார்மேட் பண்ணிட்டா சரியாயிடும்க்கா" என்றார்.

"உள்ள கீற வீடியோ?"

"அது போயிடும்."

"ஒரு இழை அறுந்துச்சுன்னு தறியில கீற பாவு மொத்தத்தையும் அறுப்பாங்களா?" என்று கேட்டுவிட்டு லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு போனில் தேடித் தேடிப் படித்தாள். ஃபைல் பெயரின் வாலில் இருக்கும் 'எம்பி4' என்பது வெறும் பெட்டிதானாம். உள்ளே படத்தை எந்த முறையில் மடித்து வைத்தார்களோ, அதே முறை தெரிந்த கோடெக் என்கிற சாஃப்ட்வேர் இருந்தால்தான் பிரிக்க முடியுமாம். சரி, கோடெக்தானே என்று தேடினாள். பட்டால்தான் புத்தி வரும் என்பார்கள், இவளுக்குப் பட்டும் வரவில்லை. அங்கேயும் இருப்பதில் பெரிய பொட்டலத்தையே இறக்கினாள். திரை முழுக்க விளம்பரம் வந்து விழுந்ததுதான் மிச்சம்.

அதைத் துடைத்தெறிந்துவிட்டு, முதலில் செய்திருக்க வேண்டியதை அப்புறம் செய்தாள். வீடியோவின் உள்விவரம் காட்டும் சின்ன சாஃப்ட்வேர் ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். மடித்த முறை 'எச்இவிசி' என்று இருந்தது. அந்த ஒன்றுக்கு மட்டுமான கோடெக்கைக் கண்டுபிடித்தாள். இத்தனூண்டு ஃபைல். இதுவா ஓட்டப் போகிறது என்று நம்பிக்கையில்லாமல்தான் அழுத்தினாள்.

படம் வந்தது. பெட்டி தெரிந்தது, கொக்கி தெரிந்தது, திருப்புகிற விரல் தெரிந்தது. உண்ணாமலைக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. பழைய லேப்டாப் என்பதால் படம் நின்று நின்றுதான் ஓடியது. அதுவும் நல்லதாகப் போயிற்று, ஒவ்வொரு கைவேலையையும் நிதானமாகப் பார்த்து மனசில் ஏற்றிக்கொண்டாள்.

திங்கட்கிழமை ஜினகுமார் பக்கத்தில் நிற்க, டிசைனைக் கொடுத்து மிதியை மிதித்தாள். புடவைக் கரையில் அன்னம் ஒன்று பிசிறில்லாமல் எழுந்து வந்தது. ஜினகுமார் குனிந்து விரலால் தடவிப் பார்த்தார்.

"யாருங்க சொல்லிக் கொடுத்தாங்க?"

"நீங்க அனுப்பின வீடியோதாங்க."

"அதா? அப்புறம் நானும் ஓட்டிப் பாத்தேன், எனக்கு வெறும் கருப்பாத்தான் வந்துச்சு. விக்கிறவங்க ஏமாத்திட்டாங்கன்னு நெனச்சுதான் வெம்பாக்கத்து ஆள வரச்சொல்லிப் பேசிட்டேன்."

உண்ணாமலை மிதியை நிறுத்தினாள். "மூணுல பெரிசத்தான் எறக்கினீங்களா?"

"பின்ன? எடையா இருந்தாத்தானே சரக்கு நல்லா இருக்கும்."

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "வெம்பாக்கத்துக்காரர வர வேணாம்னு சொல்லிட்டு உங்க லேப்டாப்ப எடுத்துனு வாங்க. கோடெக் போட்டுத் தரேன்."

ஜினகுமார் போனை எடுத்தார்.