எல்லோருக்கும் எட்டு

எங்கள் பள்ளியின் பதினொன்றாம் வகுப்பு மாணவியர் அனைவரும் அந்த அரையாண்டில் ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் பத்துக்கு எட்டு மதிப்பெண் பெற்றார்கள். மதிப்பெண் இட்டவள் நான். அவர்கள் பேசியதில் பாதிக்குமேல் என் காதில் விழவில்லை என்பதே அந்தச் சமநிலைக்குக் காரணம். இதை இன்று கூச்சமின்றி எழுத முடிகிறது. அன்று என் கணவரிடம்கூட நான் சொல்லவில்லை.

திருவண்ணாமலையில் பெண்கள் பள்ளி ஒன்றில் நெடுங்காலமாக ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். ஆங்கிலத்துக்கு வருமுன் தமிழ்ச் செய்யுளைச் சீர் பிரித்து வாய்விட்டுப் படித்துப் பழகியவள் ஆதலால், ஒலியில் சிறு பிசகு நேர்ந்தாலும் என் செவி அதைக் கண்டுகொள்ளும். பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே, முதுகுக்குப் பின்னால் எந்த வரிசையில் எவள் எந்தச் சொல்லைப் பிழையாக ஒலித்தாள் என்று திரும்பிப் பாராமல் சொல்வேன். மாணவியர் அதை ஒரு வித்தை என்று எண்ணினார்கள். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். ஐம்பதைக் கடந்ததும் அந்தச் செவி என்னைக் கைவிடத் தொடங்கியது.

காது மருத்துவர் பொறுமையாக விளக்கினார். தடித்த ஒலிகள் நிற்கும். மெல்லிய, உயர்ந்த ஒலிகள் முதலில் போகும். ஆங்கிலச் சொற்களின் நுனியில் காற்றாய் உரசிச் செல்லும் ஒலிகளும், பதினாறு வயதுப் பெண்களின் குரலும் அந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. எனக்கு எவை வேண்டுமோ அவையே முதலில் போயின. காதுக்கருவி ஒன்று வாங்கிக் கூந்தலுக்குள் மறைத்து இரண்டு வாரம் அணிந்தேன். அது குரலோடு சேர்த்து மின்விசிறியின் இரைச்சலையும் பெஞ்சு நகரும் ஓசையையும் பெருக்கிக் கொடுத்தது. தலைவலி தாளாமல் இழுப்பறைக்குள் போட்டேன். தலைவலி மட்டுமே காரணம் என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது.

அதன்பின் நடிக்கக் கற்றுக்கொண்டேன். கேள்வி கேட்பேன், விடை கூறுபவளின் உதட்டைப் பார்த்திருப்பேன், அசைவு நின்றதும் தலையை ஆட்டி, "குட்" என்பேன். தனியாகப் படிக்கச் சொல்வதைக் குறைத்து, எல்லோரையும் ஒன்றாகச் சேர்ந்து படிக்கச் சொன்னேன். பேச்சுத் தேர்வில் ஒவ்வொருத்தியும் என் மேசையருகே வந்து இரண்டு நிமிடம் பேசினாள்; நான் இரண்டு நிமிடம் புன்னகை செய்தேன். குறைத்து இட்டால் மாணவி ஏன் என்பாள். கூட்டி இட்டால் தலைமையாசிரியர் எப்படி என்பார். எட்டு என்பது எவரும் கேள்வி கேட்காத எண் என்று நம்பினேன்.

ஒருத்தி கேட்டாள்.

அவள் அடி அண்ணாமலையிலிருந்து பேருந்தில் வருபவள். கிரிவலப் பாதையில் அவள் தாய்க்கு இளநீர்க் கடை உண்டு. அங்கே நின்று வெளிநாட்டவரிடம் பேசிப் பேசி ஆங்கிலத்தின்மீது இருந்த அச்சத்தைத் தொலைத்தவள். உணவு இடைவேளையில் ஆசிரியர் அறை வாயிலில் வந்து நின்று ஏதோ சொன்னாள். எனக்கு விளங்கவில்லை.

"என்னம்மா?" என்றேன். மறுபடி சொன்னாள். அப்போதும் விளங்கவில்லை. மூன்றாம் முறை அவள் சொல்லவில்லை. பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, கதவில் வைத்து எழுதி, என்முன் நீட்டினாள்.

"எனக்கும் எட்டு, லாஸ்ட் பெஞ்சுல அவளுக்கும் எட்டு. அவ பேசவே இல்ல மிஸ். வாய மட்டும் அசைச்சா. நீங்க குட்னு சொன்னீங்க."

எழுத்து திருத்தமாக இருந்தது. எனக்குச் சினம் மூண்டது. பிடிபட்டவர்களுக்கு மூளும் சினம். "மார்க் போடறது என் வேலை. நீ போய்ச் சாப்பிடு" என்றேன். அவள் குறிப்பேட்டைத் திரும்ப வாங்கி, அடியில் இன்னொரு வரி சேர்த்து, தாளைக் கிழித்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். "நான் ஒரு வாரம் ப்ராக்டீஸ் பண்ணேன் மிஸ்" என்று இருந்தது.

அவள் முகத்தில் என்மேல் இரக்கம் சிறிதும் இல்லை. எடையில் ஏமாற்றப்பட்டவளின் எரிச்சல் மட்டுமே இருந்தது. அதற்காக அவளுக்கு நான் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறேன். இரக்கப்பட்டிருந்தால், அதை வாங்கி வைத்துக்கொண்டு ஓய்வு பெறும்வரை எட்டு எட்டாக இட்டுக்கொண்டே போயிருப்பேன்.

அன்று மாலை அந்தத் தாளோடு கணினி ஆய்வகத்துக்குப் போனேன். எங்கள் கணினிப் பயிற்றுநர் என்னைவிட மிக இளையவர், வேங்கிக்காலில் குடியிருப்பவர், எதையும் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். தாளைப் படித்தார். தம் அலைபேசியில் எதையோ தட்டி மேசைமேல் வைத்துவிட்டு, என் முகத்துக்கு நேரே உரக்கப் பேசினார்.

"மேடம், இது எங்க எல்லாருக்கும் தெரியும். போன மீட்டிங்ல ஹெச்.எம். உங்கள ஒண்ணு கேட்டாங்க, நீங்க வேற எதுக்கோ பதில் சொல்லிக்கினு இருந்தீங்க."

"அப்ப ஏன் யாருமே எங்கிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்றது? சொன்னா மட்டும் கேட்டுடப் போவுதா?"

சொன்னதும் அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் காதைப் பற்றி நான் சிரித்தது அதுவே முதல்முறை. அவர் அலைபேசியை என் பக்கம் திருப்பினார். நாங்கள் இருவரும் பேசியதெல்லாம், அந்தக் கடைசிக் குறும்பு உட்பட, அதன் திரையில் எழுத்தாக நின்றது. பேச்சைக் கேட்டுக்கேட்டு எழுதும் செயலி அது. ஆங்கிலத்திலும் எழுதும் என்றார். வகுப்பறையின் திறன்பலகையில் அதை ஓடவிட்டு, மாணவியர் கையில் சிறிய ஒலிவாங்கியைக் கொடுத்தால், யார் பேசினாலும் பலகையில் படிக்கலாம். "நீங்க படிக்கறதுல யாரு உங்கள மிஞ்ச முடியும் மேடம்?" என்றார். அந்தச் சொல்லுக்கும் சேர்த்து நன்றி சொல்லவேண்டும்.

முதல் நாள் வகுப்பில் நான் முழு உண்மை பேசவில்லை. "நீங்க பேசறது எழுத்தா தெரிஞ்சா, எங்க தப்பு பண்றீங்கன்னு நீங்களே பாத்துக்கலாம்" என்றேன். அதுவும் உண்மைதான், ஆயினும் காரணம் அதுவன்று. அடி அண்ணாமலைப் பெண் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டாள்.

ஒலிவாங்கி வரிசை வரிசையாகச் சென்றது. இடையில் நான் வருகைப் பதிவேட்டைப் பார்க்க உட்கார்ந்தேன். ஒலிவாங்கி கடைசிப் பெஞ்சில் தங்கிவிட்டது. மொழி மாற்றும் பொத்தானில் யார் கை பட்டதோ, பலகை தமிழில் எழுதத் தொடங்கியிருந்தது. நான் நிமிர்ந்தபோது கையகல எழுத்தில் ஓர் உரையாடல் ஓடிக்கொண்டிருந்தது.

"மிஸ் இன்னைக்கி பூவெல்லாம் வெச்சிருக்காங்க என்னாடி விசேஷம்"

"பி.டி. மிஸ் குடுத்துருப்பாங்க அவங்க வீட்ல செடி ஜாஸ்தி"

முன்வரிசை சிரிப்பை அடக்கமாட்டாமல் குலுங்கியது. பின்வரிசை இருவர் மட்டும் பலகையைப் பாராமல் பேசிக்கொண்டே இருந்தனர். அவர்களில் ஒருத்திதான் தேர்வில் வாயை மட்டும் அசைத்தவள். நான் எழுந்து, "இன்னிக்கு எங்க கல்யாண நாள்டி" என்றேன். இருவரும் திடுக்கிட்டுப் பலகையைப் பார்த்தார்கள். வகுப்பு அதிர்ந்தது, அந்த அதிர்வு மேசையில் ஊன்றியிருந்த என் கையில் தெரிந்தது. ஒரு வகுப்பின் உயிர் அதன் பின்வரிசை முணுமுணுப்பில் இருக்கிறது. அதைவிட்டு எத்தனை நாள் பிரிந்திருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்த வாரமே எல்லோருடைய எட்டையும் அடித்துவிட்டு மறுதேர்வு அறிவித்தேன். மதிப்பெண் பட்டியலைத் திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும். எனக்குக் கிடைத்த ஒரே நாள் வெள்ளிக்கிழமை, அன்று பௌர்ணமி. பௌர்ணமியன்று மலையைச் சுற்ற ஊரில் கூட்டம் சேரச் சேர, அலைபேசிகளுக்கு இணையம் கிடைப்பது அரிதாகிவிடும். இது இவ்வூர்க் குழந்தைக்கும் தெரியும். பலகையில் ஓடும் செயலிக்கோ அலைபேசி இணையம் வேண்டும். ஆகவே காலை முதற்பாடவேளையிலேயே தொடங்கிவிட எண்ணினேன். அன்று பார்த்துக் காலைக் கூட்டம் நீண்டது; அடுத்து ஒரு தடுப்பூசி முகாம். தேர்வு தொடங்கும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது.

பாதி வகுப்பு முடியும்வரை பலகை ஒழுங்காக எழுதியது. நான் படித்தேன், முதல்முறையாக ஆறு இட்டேன், ஏழு இட்டேன், ஐந்தும் இட்டேன். பின்வரிசைக்காரி வந்து நின்று பேசத் தொடங்கியதும், பலகையில் ஒரே ஒரு சொல் விழுந்தது. அதன்பின் சிறுவட்டம் ஒன்று சுழன்றுகொண்டே இருந்தது. அவள் உதடுகள் அசைந்தன. இம்முறை குரல் இருந்ததா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. இரண்டு நிமிடம் முடிந்தது. அவள் காத்து நின்றாள்.

என் பேனா அவள் பெயருக்கு நேரே கட்டத்தில் நின்றது. எட்டு என்று எழுதிவிடுவது மிக எளிது. கை அதற்கே பழகியிருந்தது. இரண்டாம் பெஞ்சிலிருந்து அடி அண்ணாமலைப் பெண் என் முகத்தைப் பார்க்கவில்லை. பேனாவின் முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேனாவை மூடினேன்.

"எனக்குக் காது சரியா கேக்கறதில்லம்மா" என்றேன். "இவ பேசினது கேக்கல. போன தடவ நீங்க யாரு பேசினதும் எனக்கு முழுசா கேக்கல. அதான் எல்லாருக்கும் எட்டு போட்டேன். அது தப்பு."

பின்வரிசைக்காரி ஏதோ சொன்னாள். மறுகணம் வகுப்பு முழுவதும் சிரித்தது. சிலர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"என்ன சொன்னா?" என்றேன்.

அடி அண்ணாமலைப் பெண் எழுந்து வந்தாள். உறைந்து கிடந்த திறன்பலகைக்குப் பக்கத்துக் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதினாள்: "தெரியும் மிஸ். அதான் போன தடவ வாய மட்டும் அசைச்சேன்."

"ஏய், அத ஏண்டி எழுதற!" என்று பின்வரிசைக்காரி பதறியது மட்டும் அவள் உதட்டிலிருந்தே தெளிவாக விளங்கியது. நான் நாற்காலியில் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

எழுதியவள் இடத்துக்குத் திரும்பவில்லை. கீழே மேலும் எழுதினாள். "போன்ல ரெக்கார்டு பண்ணலாம் மிஸ். அதுக்கு நெட் வேணாம்." ஒரு நொடி யோசித்து, "பேசி முடிச்சவங்களும் திரும்பப் பேசணும். அப்பதான் எல்லாருக்கும் ஒண்ணு" என்றும் சேர்த்தாள். பேசி முடித்திருந்தவர்கள் அவள்மேல் பாய்ந்தார்கள். "நீ சும்மா இரேன்டி, பெரிய ஜட்ஜு!" என்று ஒருத்தி கத்தியதாகப் பிறகு சொன்னார்கள். நான் அந்த நீதிபதியின் தீர்ப்பை ஏற்றேன். என் அலைபேசி நூலக அறைக்குப் போயிற்று. ஒருவர் பின் ஒருவராக உள்ளே சென்று பேசிவிட்டு வந்தார்கள். கடைசி மணிக்குள் எல்லோரும் முடித்தனர்.

மறுநாள் காலை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, என் மகளின் ஹெட்போனை அணிந்தேன். கணவரிடம் அனைத்தையும் சொல்லியிருந்தேன். "டி.வி. சத்தம் வெக்கறப்பவே தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, காப்பியை வைத்துவிட்டு, மிக்சி பக்கம் போகாமல் இருந்தார். விசிறி இரைச்சல் இல்லை. பெஞ்சு ஓசை இல்லை. ஒலியை வேண்டுமளவு கூட்டலாம். ஐயம் வந்த இடத்தை மூன்றுமுறை, நான்குமுறை கேட்கலாம். கிரிவலம் முடித்தவர்கள் ஊர் திரும்பி இணையம் தெளிந்ததும், அப்படியும் பிடிபடாத வரிகளைச் செயலியிடம் கொடுத்துப் படித்துக்கொண்டேன்.

பின்வரிசைக்காரியின் குரலை அந்த ஆண்டில் முதன்முறையாகக் கேட்டேன். மெலிந்த குரலாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன். கனத்து, சற்றே கரகரத்து இருந்தது. அவள் வீடு மலை சுற்றும் பாதையில் உள்ளதாம். பௌர்ணமிதோறும் நடப்பவர்கள் அவள் தந்தையிடம், இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்பார்களாம். எவர் கேட்டாலும், இதோ வந்துவிட்டது என்பாராம். அப்பா பொய் சொல்லவில்லை, அவர்கள் காலுக்கு மருந்து கொடுக்கிறார் என்று, பிழைகள் நிறைந்த ஆங்கிலத்தில், அஞ்சாமல் சொல்லியிருந்தாள். ஆறு மதிப்பெண் இட்டேன். பட்டியல் முடிந்தபோது அதில் நான்கும் இருந்தது, ஒன்பதும் இருந்தது. எட்டு பெற்றவர் இருவர் மட்டுமே.

திங்களன்று கூந்தலை இழுத்துக் கட்டி, காதுக்கருவியை வெளியே தெரியும்படி மாட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். மதிப்பெண்களைப் படித்தேன். பின்வரிசைக்காரி எழுந்து, ஒலிவாங்கியில், "நானே பேசி வாங்கின ஆறு மிஸ், கம்மியா இருந்தாலும் கெத்து" என்றாள். பலகை அதை எழுதிக் காட்டியது. அடுத்து அடி அண்ணாமலைப் பெண் எழுந்தாள். அவளுக்கு ஒன்பது.

"ஒரு மார்க் எங்க போச்சி மிஸ்?"

"வா, நீயே கேளு" என்று ஹெட்போனைக் கொடுத்து, அவள் பேச்சை ஓடவிட்டேன். புருவம் சுருங்கக் கேட்டாள். "இன்னொரு தடவ போடுங்க மிஸ்" என்றாள். இரண்டாம் முறை, முடிவுக்குச் சற்று முன்பு விரலை உயர்த்தினாள்.

"இங்கதான். முடிச்சிட்டு ஓடணும்னு அவசரம். என்னா சொல்றேன்னு எனக்கே புரியல."

"அதேதான்."

"சரி மிஸ். ஒன்பதே இருக்கட்டும்" என்று ஹெட்போனைக் கழற்றி என் கையில் வைத்தாள்.

அவள் நகர்ந்த இடத்தில், ஐந்து பெற்ற ஒருத்தி வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் நான்கு பெற்றவள். அதற்குள் வரிசை கதவுவரை நீண்டிருந்தது. அன்றைய பாடம் நடக்கவில்லை. ஏன் இந்த மதிப்பெண் என்று ஒவ்வொருத்தியும் கேட்டாள். ஒவ்வொருத்திக்கும் சொல்ல என்னிடம் விடை இருந்தது.