ஒரு மணிக்கு வரும் ஹனோய்ச் செய்தி

நவம்பர் மாதச் சனிக்கிழமை. ஹனோவரிலிருந்து பெர்லினுக்கு அதிவேக ரயிலில் ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மணி நேரம். முன்கூட்டியே பதிந்ததால் ஆளுக்கு முப்பது யூரோவுக்குள் முடிந்தது. ரயில் பிந்தித்தான் வந்தது. ஜேர்மன் ரயில் நேரம் தவறாது என்று இன்னும் நம்புகிறவர்களை ஒருமுறை இங்கே ஏற்றிவிட வேண்டும்.

என்னோடு என் மனைவி சுகந்தி. எதிரே எங்கள் மேல்மாடிக்காரர் மின். வியட்நாமியர், மனைவியை இழந்தவர். அவருடைய ஒரே மகள் லின் பெர்லினில் ஒருவனை விரும்புகிறாள். பையன் வீட்டார் இன்று வெற்றிலை பாக்குத் தட்டு வைப்பார்கள். மின் அதிலிருந்து எடுத்தால் சம்மதம். எடுக்காவிட்டால் கல்யாணப் பேச்சே இல்லை.

"எங்களை ஏன் கூட்டிக்கொண்டு போறியள்?" என்று சுகந்தி கேட்டாள். பேச்சு ஜேர்மன் மொழியில்தான். என் காதில் எங்கள் தமிழாக விழுந்தபடி எழுதுகிறேன்.

"சண்டை வந்தால் விலக்குப் பிடிக்க" என்றார். சிரிக்கவில்லை.

மின் ஏழு வயதில் தென் வியட்நாமின் நா ட்ராங் கரையிலிருந்து தாயோடு படகேறியவர். தகப்பன் போருக்குப் பின், வென்ற வடக்கு அரசின் முகாமில் அடைக்கப்பட்டு அங்கேயே இறந்துபோனார். பையனின் தகப்பன் ஹுங், அதே அரசு கிழக்கு ஜேர்மனித் தொழிற்சாலைக்கு ஒப்பந்தத்தில் அனுப்பிய தொழிலாளி. பெர்லின் சுவர் விழுந்து எத்தனையோ காலமாகியும் இந்த இரண்டு சாராரும் ஒருவரையொருவர் சந்தேகமாகவே பார்க்கிறார்கள். ஒரு பக்கத்துக்குத் தோற்ற தெற்கின் மஞ்சள் கொடி, மறுபக்கத்துக்கு ஹனோய் அரசின் சிவப்புக் கொடி. கொடிக்காக எங்கள் தமிழ் ஆட்கள் பிடுங்குப்படுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இதெல்லாம் புதிதல்ல.

பகல் 12.30. பெர்லின் தலைமை நிலையத்திலிருந்து எம் 8 ட்ராம் எடுத்து லிச்டன்பெர்க்கில் இறங்கினோம். பழைய தொழிற்சாலைப் பகுதியில் வரிசையாக வியட்நாமியக் கடைகள்: பிளாஸ்டிக் பூக்கள், நகப்பூச்சு, உயிர்மீன். ஹுங்கின் சாப்பாட்டுக் கடையில் ஃபோ சூப் கிண்ணம் பத்து யூரோ. எங்களிடம் காசு வாங்கவில்லை. லின் பையனோடு வாசலிலேயே காத்து நின்றாள். உள்ளே மேசை நடுவில் வெற்றிலைத் தட்டு தயாராக இருந்தது.

ஒரு மணிக்குச் சுவரிலிருந்த தொலைக்காட்சியில் சிவப்புக் கொடி பறந்தது. ஹனோய் அரசுத் தொலைக்காட்சியின் இரவு ஏழு மணிச் செய்தி. குளிர்காலத்தில் அது இங்கே பகல் ஒன்று. சத்தமே இல்லாமல் தலைவர்கள் கைகுலுக்கினார்கள். மின் கரண்டியை வைத்துவிட்டார்.

"இதுக்குக் கீழ இருந்து நான் வெற்றிலை எடுக்க ஏலாது."

லின்னின் முகம் வெளுத்தது. ஹுங் எழுந்தார்.

"நிப்பாட்டுறன். ஆனா முடியுமட்டும் கொஞ்சம் பொறுங்கோ. கடைசியில வானிலை சொல்லுவினம். அம்மா அங்க ஊரில ஆத்தங்கரையில தனிய இருக்கிறா, வெள்ளம் வந்திடுமோ எண்டு பயம். மற்றதுக்கெல்லாம் நான் சத்தம் வைக்கிறேல்லை."

"அதைப் போனில பாக்கலாமே?" என்றாள் சுகந்தி.

"பாக்கலாம். ஆனா அம்மாவும் இப்ப இதைத்தான் பாத்துக்கொண்டிருப்பா. ரெண்டு பேரும் ஒண்டாப் பாக்கிறது இது ஒண்டுதான்."

போர்க்காலத்தில் ஊரில் ஊரடங்கு போட்டால் எங்கள் வீட்டிலும் அரசாங்க வானொலியைத் திட்டித் திட்டியே கேட்போம். எப்போது தளர்த்துவார்கள் என்பதை அவர்கள்தானே சொல்ல வேண்டும். இதை நான் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். நடுவர் கட்சி மாறிவிட்டார் என்பதுபோல மின் என்னை முறைத்தார். ஆனால் எழுந்து போகவில்லை.

முக்கால் மணி நேரம் போனது. சூப் ஆறிவிட்டது. வரைபடம் வந்ததும் ஹுங் சத்தத்தைக் கூட்டினார். அவருடைய ஊரில் மழையில்லை. நிம்மதியாக மூச்சுவிட்டு, அணைக்கக் கையை நீட்டினார்.

"பொறுங்கோ" என்றார் மின்.

அறிவிப்பாளர் தெற்கே இறங்கி வந்தார். நா ட்ராங். நனைந்த கடற்கரைத் தெருவில் தென்னைகள் காற்றில் வளைந்தன. அந்தக் கரையை மின் திரும்பிப் போய்ப் பார்த்ததேயில்லை. ஒரு படம்கூட வீட்டில் வைத்ததில்லை. படம் மாறிய பிறகும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு வெற்றிலையை எடுத்தார். லின் சத்தமாக அழுதாள்.

மாலை ரயிலில் சுகந்தியால் சும்மா இருக்க முடியவில்லை.

"கல்யாண மண்டபத்தில எந்தக் கொடி?"

"ஒரு கொடியும் வேண்டாம். எங்கட மஞ்சளும் வேண்டாம்."

வொல்ப்ஸ்பேர்க் நிலையம் தாண்டியது. மின் தூங்கிவிட்டார் என்றே நினைத்தோம்.

"ஒரு ரிவி மட்டும் வேணும்" என்றார் கண்ணைத் திறக்காமல். "ஒரு மணிக்கு. சத்தமில்லாமல்."